புகை எங்க போச்சு?

எண்ணூர்ல 1948ல அசோக் மோட்டார்ஸ் தொடங்குச்சு. முதல்ல பூட்டினது ஆஸ்டின் ஏ40 கார். 1955ல அது அசோக் லேலண்ட் ஆகி, டீசல் லாரி, பஸ்ஸுக்குப் பேர் வாங்குச்சு.

டீசல் இன்ஜின் எரியுற சூட்டுல பாதிக்கு மேல வீணாப் போகும். வண்டி நகர கிளட்ச், கியர் வேணும். மின்மோட்டார் நின்ன இடத்துலயே முழு இழுவை தரும். வாங்குற கரண்ட்டுல சுமார் பத்துல ஒன்பது பங்கைச் சுழற்சியா மாத்திடும்.

2025ல அதே குழுமத்தோட ஸ்விட்ச் மின்சாரப் பஸ்கள் சென்னையில ஓட ஆரம்பிச்சுது. உங்க தெருவுல புகை இல்லை, நல்லதுதான்.

ஆனா கரண்ட் எங்க இருந்து வருது? நெட்டுக்குப்பத்துக்கு அக்கரையில வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கு. அங்க நிலக்கரிச் சூட்டுல சுமார் மூணுல ஒரு பங்குதான் கரண்ட்டாகும். சாம்பல் கொசஸ்தலை ஆத்துல படிஞ்சு மீனவர் பிழைப்பைக் கெடுத்திருக்கு.

அடுப்பு பஸ்ஸை விட்டு இறங்கி ஆத்தங்கரையில உக்காந்திருக்கு. காத்தும் வெயிலும் கரண்ட் தந்தாத்தான் அது அணையும்.