கசாக் மகளிரின் வெள்ளி அணிகள்: உறவுமுறையின் வரலாற்றுச் சான்றுகள்

முன்னுரை

எழுத்துப் பதிவுகள் அரிதான நாடோடிச் சமூகங்களின் வரலாற்றை அறியப் புழங்குபொருள்கள் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன. நடு ஆசியப் புல்வெளிகளில் ஆடும் குதிரையும் மேய்த்து வாழ்ந்த கசாக் மக்களின் வெள்ளி அணிகள் அத்தகையன. அவை அணிபவரின் வயது, மணநிலை, உறவு ஆகியவற்றை உணர்த்தியதை இக்கட்டுரை விளக்குகிறது.

செய்முறையும் ஒப்பனையும்

அணி செய்யும் கொல்லர் ‘ஸெர்கெர்’ எனப்பட்டார். பழைய அணிகளையும் வெள்ளி நாணயங்களையும் உருக்கிப் புதிய அணிகள் செய்யப்பட்டன. கம்பிவேலை, குறுமணி ஒட்டுதல், செதுக்கிய கோடுகளில் கருநிறக் கலவை நிரப்புதல் முதலியன முக்கிய நுட்பங்களாகும். மேற்குக் கசாக் பகுதியில் பொன்முலாமும் சூதுபவளப் பதிப்பும் மிகுதி. கம்பளி விரிப்புகளில் காணப்படும் ‘கோஷ்கர் மூயிஸ்’ என்னும் ஆட்டுக்கடாக் கொம்புச் சுருளே அணிகளிலும் இடம்பெற்றது. இது மேய்ச்சல் வாழ்வின் வளத்தைக் குறிப்பதாகக் கருதப்படுகிறது.

வாழ்நிலைக் குறியீடுகள்

இளம்பெண்கள் பின்னலில் ‘ஷோல்பி’ என்னும் ஒலிக்கும் தொங்கணியைக் கட்டினர். அவ்வொலி தீமையை விலக்கும் என நம்பினர். மணமகள் ‘சவ்கெலெ’ என்னும் உயர்ந்த கூம்பு வடிவத் தலையணியைச் சூடினாள். முதல் குழந்தை பிறந்தபின் வெண்ணிறத் தலைத்துணி அதன் இடத்தைப் பெற்றது. வயது முதிர முதிர மகளிர் தம் அணிகளை மகளுக்கும் மருமகளுக்கும் அளித்தனர். வெள்ளி தூய்மை தரும் என்ற நம்பிக்கையால் உணவு சமைக்கும் கையில் மட்டும் மோதிரமோ வளையோ எஞ்சியது.

சம்பந்தியம்மாள் மோதிரம்

‘குதாகி’ என்னும் கசாக் சொல் சம்பந்தியம்மாளைக் குறிக்கும். ‘குதாகி ஜூசிக்’ என்பது ஒரே முகப்பும் இரு வளையங்களும் கொண்டு, இரு விரல்களில் சேர்த்து அணியப்படும் மோதிரம். மணமகளின் தாய் இதனை மணமகனின் தாய்க்கு அளிப்பாள். இரு வளையங்கள் இரு குடும்பங்களையும், ஒரே முகப்பு அவற்றின் இணைப்பையும் குறித்தன. தன் மகளை அன்புடன் நடத்துமாறு ஒரு தாய் விடுக்கும் வேண்டுகோளும் அதில் அடங்கியிருந்தது.

அணிகளின் இழப்பு

கட்டாயக் கூட்டுப்பண்ணை முறையால் 1930–33 காலப்பகுதியில் நேர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 15 லட்சம் மக்கள் மடிந்தனர். அப்போது சோவியத் அரசின் ‘தோர்க்சின்’ கடைகள் பொன்னையும் வெள்ளியையும் பெற்றுக்கொண்டு உணவு வழங்கின. அங்கு அணிகள் உலோக எடைக்கே மதிக்கப்பட்டன.

முடிவுரை

அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள அணிகளை நுட்பம், வட்டாரம் என்ற அடிப்படையில் மட்டும் வகைப்படுத்துவது போதாது. யார் யாருக்கு, எந்நிலையில் அளித்தார் என்ற உறவுமுறை நோக்கில் ஆராயும்போதே அவை கசாக் மகளிரின் வரலாற்றுக்கு முழுமையான சான்றாக அமையும்.