ஊர்க்காவலும் ஊரார் நீதியும்: திண்டுக்கல் முதல் அட்டப்பாடி வரை

2024 நவம்பரில் ஆலப்புழை மாவட்டத்தில் வீடு புகுந்து நடந்த திருட்டுகளையடுத்துக் ‘குறுவா’ கும்பல் என்னும் பெயர் கேரளமெங்கும் பரவியது. அப்பெயரோடு, தமிழகத்திலிருந்து வருவோர் என்னும் அடையாளமும் சேர்ந்தே பரவியது. குடியிருப்போர் இரவுக் காவல் குழுக்களை அமைத்துக்கொண்டு தெருக்களைச் சுற்றிவந்தனர். தம் தெருவைத் தாமே காத்துக்கொள்வதில் என்ன தவறு என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குரிய விடை நிகழ்காலத்தில் மட்டும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறமும் ஊர்க்காவலுக்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் காப்பவர் யார் என்பதைவிட, யாரிடமிருந்து காக்கப்படுகிறது என்பதே பெரிய வினாவாக இருந்துவந்துள்ளது.

மதுரைக்காஞ்சி, மழை பொழிந்து தெருவில் நீர் ஓடும் நள்ளிரவிலும் கள்வரைத் தேடித் திரியும் ஊர்க்காவலரைக் காட்டுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ ஒரு வரியாகவே இடம்பெறுகிறது. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள், ஊரார் தம் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்றுக்கொடுத்த செய்திகளைத் தருகின்றன. காவல் என்பது தொண்டாக அன்றி விலையும் உரிமையும் உடைய ஓர் ஏற்பாடாக விளங்கியதை இவை உணர்த்துகின்றன.

பாளையக்காரர் காலத்தில் இவ்வேற்பாடு தலக்காவல், தேசகாவல் எனப் பிரிந்து வளர்ந்தது. முன்னது ஓர் ஊருக்கு உரியது. பின்னது பல ஊர்களையும் வழிகளையும் உள்ளடக்கியது. காவற்காரர் களத்தில் நெல்லும் பிற தானியமும் பங்காகப் பெற்றனர். அதற்கு ஈடாக அவர்கள் ஏற்ற கடப்பாடு கவனிக்கத்தக்கது. திருட்டுப் போன பொருளை மீட்டுத் தரவேண்டும்; மீட்க இயலாவிடில் அதன் மதிப்பைத் தாமே ஈடுசெய்ய வேண்டும். காப்பவர் தம் தவறுக்குத் தாமே விலை கொடுக்கும் இந்த நெறிதான் காவல் முறையின் நடுநாயகம். அதன் இருண்ட பக்கமும் மறைக்கத்தக்கதன்று. காவற்கூலி கொடாத ஊரில் மாடு காணாமற்போவதும், ‘துப்புக்கூலி’ கொடுத்தபின் அது திரும்பிவருவதும் வழக்கமாயின. பாதுகாப்புக்கும் மிரட்டலுக்கும் இடைப்பட்ட கோடு பல இடங்களில் அழிந்துபோயிற்று.

1801இல் பாளையக்காரர் எதிர்ப்பை ஒடுக்கிய கும்பெனி அரசு அவர்களுடைய காவல் உரிமைகளையும் பறித்தது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி ஊர்த்தலைவரையும் தலையாரியையும் அரசின் காவல் அமைப்புக்குள் கொணர்ந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சீருடை அணிந்த போலீசைத் தந்தது. எனினும் மதுரைச் சீமையின் உழவர்கள் பழைய காவற்காரருக்குக் கூலி அளப்பதை நிறுத்தவில்லை. போலீஸ் நிலையம் தொலைவில் இருந்தது. கள்ளர் சமூகத்தைச் சேர்ந்த காவற்காரர் அருகில் இருந்தனர். சட்டத்தின் பார்வையில் அவர்கள் பெற்ற கூலி மெல்ல மெல்லக் குற்றத்தின் ஊதியமாக மாறியது.

இங்குதான் நம் பேசுபொருளின் நேரடி முன்னோடி எதிர்ப்படுகிறது. 1896இல் திண்டுக்கல் வட்டாரத்து ஊர்கள் பல, கள்ளர் காவலை ஒழித்துத் தம்மைத் தாமே காத்துக்கொள்ள உறுதிபூண்டன. ஊர்தோறும் பணம் திரட்டிப் பொதுநிதி வைத்தனர். ‘பண்டு’ என்னும் ஆங்கிலவழிச் சொல்லே இயக்கத்தின் பெயராயிற்று. மாடு திருட்டுக் கொடுத்தவருக்கு அந்நிதியிலிருந்து ஈடு தரப்பட்டது. புதிய காவலாளர் அமர்த்தப்பட்டு, ஆபத்தை அறிவிக்க அவர்களுக்கு ஊதுகொம்புகள் வழங்கப்பட்டன. கொம்பொலி கேட்டால் ஊரார் திரண்டு வரவேண்டும். அமைப்பு என்ற அளவில் இன்றைய குடியிருப்போர் சங்கம் எதற்கும் இது குறைந்ததன்று.

ஆனால் அவ்வியக்கம் அங்கு நிற்கவில்லை. தனித்தனிக் காவற்காரரை விலக்குவதில் தொடங்கியது, ஒரு சமூகத்தையே ஊரைவிட்டு வெளியேற்றுவதாக மாறியது. கள்ளர் வீடுகள் கொளுத்தப்பட்டன; குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. திருடியவரும் திருடாதவரும் ஒரே பெயரின்கீழ் வந்தனர். இவ்வியக்கத்தை விரிவாக ஆராய்ந்த ஆனந்த் பாண்டியன், காலனியக் காவலின் மொழியும் ஊராரின் மொழியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்ததைக் கவனப்படுத்துகிறார். ‘குற்றப் பரம்பரை’ என்னும் கருத்து மேலிருந்து மட்டும் திணிக்கப்பட்டதன்று. கீழிருந்தும் அதற்கு ஆதரவு கிடைத்தது.

பின்வந்தவை நாம் அறிந்தவை. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்த வடிவில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் வழக்கில் அது ‘ரேகைச் சட்டம்’. பிறமலைக் கள்ளரும் குறவரும் உள்ளிட்ட பல சமூகத்தார் பெருவிரல் ரேகை பதிக்கவும், இரவில் அதிகாரிகளின் கண்காணிப்பில் இருக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகைப் பதிவை எதிர்த்தோர்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் குறைந்தது 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் இச்சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போயினும் அதன் சொற்களஞ்சியம் போகவில்லை. ஒரு திருட்டுக் கும்பலுக்கு ஒரு சமூகத்தை நினைவூட்டும் பெயரைச் சூட்டி, அப்பெயரைக் கொண்டு அயலூரார் அனைவரையும் அளக்கும் போக்கில் அச்சட்டத்தின் நிழலைக் காணலாம்.

இனி மலையின் மேற்குப்புறம். பாலக்காடு 1956வரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த நிலம். அதன் கிழக்கெல்லையில் உள்ள அட்டப்பாடி, இருளரும் முதுகரும் குறும்பரும் வாழும் மலைப்பகுதி. 1951இல் அங்கு பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. சமவெளிகளிலிருந்து வந்து குடியேறியோர் நிலத்தையும் கடைத்தெருவையும் தமதாக்கிக்கொண்டனர். 2018 பிப்ரவரி 22 அன்று முக்காலியில் நடந்தது அக்கடைத்தெருவின் நிகழ்ச்சி. கடைகளில் அரிசியும் பிற உணவுப் பொருள்களும் திருடியதாக ஐயுற்று, காட்டுக் குகையில் தனித்து வாழ்ந்த பழங்குடி இளைஞர் ஒருவரை ஒரு கூட்டம் தேடிப்பிடித்தது; கைகளைக் கட்டி, அடித்து, ஊருக்குள் நடத்திவந்தது. அக்காட்சியைக் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொண்டது. போலீசிடம் ஒப்படைக்கப்பட்ட அவர், மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே இறந்தார்.

வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. அவர்களுள் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையின் அளவைவிட வரலாற்று மாணவர் நினைவிற்கொள்ள வேண்டியது வேறொன்று. அம்மலையின் தொல்குடி மகன், தன் மலையின் கடைத்தெருவிலேயே அயலானாகக் கருதப்பட்டார். ‘ஊரார்’ என்ற சொல்லுக்குள் அவருக்கு இடமிருக்கவில்லை.

இச்செய்தியைப் படிக்கும் தமிழ் மாணவருக்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நினைவுக்கு வராமல் இராது. பொற்கொல்லன் களவு நூலின் நுட்பங்களை அடுக்கிச் சொல்ல, ஊர்காப்பாளருள் ஒருவர் கோவலனது தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என ஐயுறுகிறார். இன்னொருவர் தம் அனுபவத்தைக் கூறிக் கள்வரின் ஆற்றலை எண்ணி மருள்கிறார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே, கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஐயுற்றவரின் குரல் வாளின் வேகத்துக்கு முன் செல்லாமற்போகிறது. கண்ணகியின் கோட்டமாகப் போற்றப்படும் மங்கலதேவி, இன்று இடுக்கி மாவட்டத்துக்கும் தேனி மாவட்டத்துக்கும் இடையிலான எல்லை மலைமீது இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநிலப் போலீசாரும் அங்குக் காவல் நிற்கின்றனர்.

அங்ஙனமாயின் ஊரார் காவலே கூடாதோ? அவ்வாறு முடிவுகட்டுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. அதே அட்டப்பாடியில் பழங்குடிப் பெண்கள் அமைத்த தாய்க்குல சங்கம், கள்ளச்சாராயத்துக்கு எதிராகத் தம் ஊர்களைத் தாமே காத்தது. 2016இல் எல்லையின் தமிழகப் பக்கமான ஆனைகட்டியிலிருந்த மதுக்கடையை மூடுமாறு அப்பெண்கள் போராடினர். அக்காவல் தம் வீட்டாரைத் தீங்கிலிருந்து மீட்கப் பிறந்தது. அதற்கு அயலான் ஒருவன் தேவைப்படவில்லை.

அரசும் இவ்வழியில் சில முயற்சிகள் செய்துள்ளது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள்’ அமைப்பு, பொதுமக்களைப் போலீசின் துணைவராக்கியது. கேரளத்தில் 2008இல் தொடங்கிய ஜனமைத்ரி சுரக்ஷா திட்டம், பகுதி வாரியாகக் காவலர்களை வீடுதோறும் அனுப்பி, குடியிருப்போரைக் கொண்ட சமிதிகளையும் அமைத்தது. முன்னதன் முடிவு நமக்குப் பாடம். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த நிகழ்வில் அவ்வமைப்பின் தொண்டர்கள்மீதும் குற்றச்சாட்டு எழ, அவ்வாண்டு ஜூலையில் தமிழக அரசு அதற்குத் தடைவிதித்தது. அதிகாரத்தின் அருகில் நிற்கும் தொண்டர், அதிகாரத்துக்குரிய பொறுப்பை ஏற்காதபோது நேரும் இடர் இது.

சட்டம் வகுத்துள்ள எல்லை மிகச் சிறியது. தன் கண்முன் பிணையில் விடத்தகாததும் பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்கதுமான குற்றம் செய்பவரையும், தேடப்படும் குற்றவாளி என அறிவிக்கப்பட்டவரையும் மட்டுமே தனிமனிதர் பிடிக்கலாம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஐயத்தின்பேரில் பிடிக்கவும் விசாரிக்கவும் அடிக்கவும் எவருக்கும் உரிமையில்லை. விளக்கேற்றுவதும் விழித்திருப்பதும் அழைப்பதும் சாட்சி கூறுவதுமே தன்னார்வக் காவலின் பணி.

பழைய காவற்காரர் தாம் தவறினால் ஈடு கொடுத்தார். பண்டு இயக்கத்தார் பொருள் இழந்தவருக்கு ஈடு கொடுத்தனரேயன்றி, தாம் கொளுத்திய வீடுகளுக்கு ஈடு கேட்பதற்கு எவருக்கும் வழி வைக்கவில்லை. இன்றைய இரவுக் குழுக்களுக்கோ இரண்டுமில்லை. தவறான ஐயத்தால் ஒருவர் துன்புற்றால் பொறுப்பேற்பவர் யார்? குழுவில் அத்தெருவின் வாடகைக் குடித்தனத்தாரும் புலம்பெயர் தொழிலாளரும் பழங்குடியினரும் இடம்பெறுகின்றனரா? ஐயுற்றுத் தடுக்கும் ஒருவரது குரலுக்கு அங்கு மதிப்புண்டா? ஊர்க்காவலை ஆராயும் மாணவர்கள் திருட்டு குறைந்ததா என்ற கணக்கோடு நின்றுவிடாமல், இம்மூன்று வினாக்களையும் களத்தில் கேட்க வேண்டும். திண்டுக்கல்லிலும் முக்காலியிலும் கேட்கப்படாதவை அவை.