எஸ்15 கழற்றிய டர்போ

நிஸான் சில்வியா எஸ்15 ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1999 ஜனவரியில். அதன் ஸ்பெக்-ஆர் ரகத்தில் இருந்த 1998 சிசி எஸ்ஆர்20டிஇடி எஞ்சினுக்குக் காற்றூதியது, இரு கைகளில் ஏந்திவிடக்கூடிய ஒரு சின்ன டர்போ: கேரட் டி28. கார் 250 குதிரைத்திறன் தந்தது. ஆனால் எஸ்15 வாங்கிய பந்தயப் பிரியர்கள் பலருக்கு அது போதவில்லை. பெரிய டர்போ மாட்ட முடிவெடுத்த அன்றே, அதிகம் உழைக்காத டி28 கழன்று விற்பனைக்கு வந்துவிடும்.

அதற்காகக் காத்திருந்தவர்கள் சில்வியாவின் பழைய தலைமுறையான எஸ்13 வைத்திருந்தவர்கள். 1988-இல் வந்த அந்தக் காரில் முதலில் 1.8 லிட்டர் எஞ்சின். 1991 முதல் இதே எஸ்ஆர்20டிஇடி, டி25 என்ற சிறிய டர்போவுடன், 205 குதிரைத்திறனில். ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் டர்போ உட்காரும் துளைகள் ஒத்துப்போகின்றன. வெல்டிங் இல்லாமல் தம்பியின் உறுப்பு அண்ணனுக்குப் பொருந்துகிறது. கார் மாற்றங்களில் இவ்வளவு இயல்பான வேறொன்றை நான் அறியேன்.

ஆனால் பழைய டி25-ஐக் கழற்றுவதே பெரும்பாடு. பல்லாண்டு வெப்பத்தில் சூடேறி ஆறிய ஸ்டட்கள் நட்டோடு இறுகிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரவே விட்டுவைத்து, மறுநாள் இறுக்கியும் இளக்கியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டட் முறிந்து பாதி மேனிஃபோல்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

அடுத்து ஆயில். டி25-இன் தண்டு சாதாரண புஷ் பேரிங்கில், ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்வது. எஸ்15-இன் டி28-இல் இருப்பது பால் பேரிங். உராய்வு குறைவு, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சீக்கிரம் வேகம் பிடிக்கும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டுக்கு இது பெரிய வரம். ஆனால் பால் பேரிங்குக்குக் குறைந்த ஆயிலே போதும். அளவு மீறினால் சீலைத் தாண்டிக் கசிந்து சைலன்சரில் நீலப்புகை வரும். பழைய ஆயில் குழாயும் தண்ணீர்க் குழாயும் இருந்தபடியே பொருந்தாது. புதுக்குழாயும், இணைப்புகளுக்குப் புதுச் செம்பு வாஷரும் வேண்டும். மாட்டி முடித்ததும் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஊற்றி, விரலால் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி இக்னிஷனைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, ஆயில் அழுத்தம் வந்த பிறகே கிளப்புவார்கள். முதல் சில நொடிகள் வறண்டு சுழன்றாலே பேரிங் பாழாகலாம்.

கடைசியாக எரிபொருள். எஸ்13-இன் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 370 சிசி பெட்ரோல் தரும். எஸ்15-இல் 480 சிசி. டர்போவைப் பழைய காற்றழுத்தத்திலேயே ஓட்டினால் எஸ்13-இன் இன்ஜெக்டரோடு சமாளிக்கலாம். டி28-இன் முழுப் பலனையும் பெற அழுத்தத்தை ஏற்றினால், காற்றுக்கேற்ற பெட்ரோல் கிடைக்காமல் கலவை மெலிந்து, எஞ்சின் தட்டத் தொடங்கும். அப்படியே விட்டால் பிஸ்டன் உடையும். இன்ஜெக்டர், காற்றளவுமானி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ மூன்றையும் சேர்த்துத் திருத்தினால்தான் இந்த மாற்றம் முழுமையாகும். டர்போவை மட்டும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்பவர் எஞ்சினைப் பணயம் வைக்கிறார்.

எஸ்15 உற்பத்தி 2002 ஆகஸ்டில் நின்றது. அமெரிக்காவில் அந்தக் கார் விற்கப்படவே இல்லை. அங்கே எஸ்13, டர்போ இல்லாத 2.4 லிட்டர் எஞ்சினுடன் 240எஸ்எக்ஸ் என்ற பெயரில் விற்றது. அதில் ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வந்த எஸ்ஆர்20டிஇடியை ஏற்றி, டி28-ஐயும் மாட்டி ஓட்டினார்கள். 25 வயது ஆன காரை இறக்குமதி செய்யலாம் என்ற விதிப்படி, முதல் எஸ்15 கார்களுக்கு அங்கே வழி திறந்தது 2024-இல்தான்.

கழற்றிய டி25-ம் வீணாவதில்லை. டர்போ புகைவிடத் தொடங்கிய இன்னொரு எஸ்13-க்காரர் அதை வாங்கிப்போவார்.