பசிபிக் தீவுகளின் வேளாண், மீன்வளக் கணக்கெடுப்பு

பசிபிக் தீவு நாடுகளில் நிலத்திலும் கடலிலும் கிடைப்பதை அளந்து பதிவுசெய்யும் வழக்கம் காலனிய ஆட்சியோடு வேரூன்றியது. நெடுங்காலம் கப்பலேறிய சரக்குக்கே அதில் இடமிருந்தது. தீவினர் தாமே விளைவித்தும் பிடித்தும் உண்டதற்கு இடமில்லை. அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கொப்பரை, சர்க்கரை, கொக்கோ மூன்றும் சுங்கத்தைக் கடந்ததால் அவற்றுக்கு ஆண்டுவாரியான பதிவுகள் உண்டு. பிஜியில் கலோனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி 1880களிலிருந்து 1973 வரை ஆலைகளை நடத்தியது. 1903 முதல் சென்னை வழியாகக் கொண்டுவரப்பட்ட தென்னிந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களும் உழைத்த அந்தக் கரும்புத் தோட்டங்களின் விளைச்சல் ஏடுகளில் ஏறியது. பக்கத்துக் கொல்லையில் விளைந்த சேப்பங்கிழங்கும் மரவள்ளியும் ஏறவில்லை.

உலக வேளாண்மைக் கணக்கெடுப்பின் முதல் சுற்றை ரோமிலிருந்த பன்னாட்டு வேளாண்மைக் கழகம் 1930இல் நடத்தியது. 1950 முதல் அப்பொறுப்பு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பிடம் வந்தது. பிஜி 1968, 1978, 1991, 2009 ஆகிய ஆண்டுகளில் கணக்கெடுத்தது; இவற்றுள் கடைசி இரண்டுக்கும் நடுவே 18 ஆண்டுகள் ஓடிவிட்டன. சமோவா 1989 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துவருகிறது. அந்த ஒழுங்கின் அருமையை 1993 காட்டியது. அந்த ஆண்டு பரவிய இலைக்கருகல் நோய், நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பயிரான சேப்பங்கிழங்கை ஏறக்குறைய அழித்தது. நோய்க்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக 1989, 1999 கணக்கெடுப்புகள் இருந்ததால்தான் வேளாண் குடும்பங்கள் எதற்கு மாறின என்று ஒப்பிட முடிந்தது.

முறையிலும் சிக்கல் இருந்தது. நெல், கோதுமை போல ஒரே பருவத்தில் அறுவடையாகும் பயிர்களுக்கு வகுத்த அளவீடுகள் இங்கே பொருந்தவில்லை. கிழங்கை வேண்டும்போது வேண்டிய அளவே தோண்டுவார்கள். ஒரே கொல்லையில் வாழை, தென்னை, சீமைப்பலா, கிழங்கு எல்லாம் கலந்து நிற்கும். இதில் ஏக்கருக்கு எத்தனை டன் என்று கேட்டால் நம்பத்தக்க விடை வராது.

கடலில் கதை வேறு. தென் பசிபிக் ஆணையம் 1977 முதல் 1981 வரை வரிச்சூரை மீன்களுக்கு அடையாளக் குறியிட்டுக் கடலில் விட்டு, அவற்றின் போக்கையும் இருப்பையும் ஆராய்ந்தது. 1979இல் சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் தென் பசிபிக் மன்றத்தின் மீன்வள முகமை தோன்றியது. 1982இன் கடற்சட்ட உடன்படிக்கை கடலோர நாடுகளுக்குக் கரையிலிருந்து 200 கடல்மைல் வரையான உரிமையை உறுதிசெய்தது. வெறும் 811 சதுர கி.மீ. நிலமுள்ள கிரிபாட்டியின் பொறுப்பில் ஏறத்தாழ 35 லட்சம் சதுர கி.மீ. கடல் வந்தது. அன்னியக் கப்பல்கள் அங்கே எவ்வளவு பிடிக்கின்றன என்று தெரியாமல் உரிமக் கட்டணம் பேச முடியாது. பதிவேடு கட்டாயமானதும், சூரை மீன்பிடிப்பைக் கூட்டாக நெறிப்படுத்தும் நவுரு உடன்பாட்டு நாடுகள் 2007 முதல் கப்பல்-நாள் கணக்கில் உரிமம் விற்றதும், 2010 முதல் சுருக்குமடிக் கப்பல்களில் பார்வையாளர்கள் ஏறியதும் அதனால்தான். உரிம வருவாய் அதன்பின் பல மடங்கு பெருகியது. தீவினர் கையில் எண்கள் பேரம்பேசும் வலிமையானதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

கரையோர மீன்பிடிப்புக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. நீர் வற்றும் வேளையில் பவளத்திட்டில் இறங்கிப் பேய்க்கணவாயும் சிப்பியும் கடலட்டையும் சேர்ப்போரில் பெண்கள் ஏராளம். அந்த உணவு சந்தைக்கு வராமலே அடுப்பேறிவிடும். பல நாடுகளின் ஆண்டறிக்கைகளில் இந்த இடம் காலியாக இருந்தது, அல்லது பழைய மதிப்பீடே திரும்பத் திரும்ப அச்சானது. அமெரிக்க சமோவா பற்றி டர்க் செல்லரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட மறுமதிப்பீடு இந்த அலட்சியத்தின் அளவை வெளிக்கொணர்ந்தது. 1950 முதல் 2002 வரையான காலத்துக்கு அவர்கள் கணித்த கரையோரப் பிடிப்பு, பதிவானதைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு. அது 1950இல் 752 டன்னாக இருந்து 2002இல் 155 டன்னாகச் சரிந்ததும் தெரியவந்தது. பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் இந்தச் சரிவே கண்ணில் பட்டிருக்காது. மீன்வள ஆய்வாளர் ராபர்ட் கில்லெட் 2000களின் தொடக்கத்திலிருந்து செய்த தொடர் மதிப்பீடுகள், குடும்ப வரவுசெலவு ஆய்வுகளைக் கொண்டு வீட்டு உணவாகும் மீனைத் தேசிய வருமானக் கணக்கில் சேர்க்க வழிகாட்டின.

ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2010இல் வேளாண், ஊரகப் புள்ளிவிவர மேம்பாட்டுக்கான உலக உத்தியை ஏற்றது. பிஜியில் 2016 பிப்ரவரியில் வீசிய வின்ஸ்டன் புயல் அதன் அவசரத்தை உணர்த்தியது. புயலுக்கு முன் இருந்தது தெரிந்தால்தான் இழப்பையும் நிவாரணத்தையும் கணக்கிட முடியும். நான்கு ஆண்டுகள் கழித்து, 2020இல், பிஜி தன் வேளாண்மைக் கணக்கெடுப்பில் மீன்பிடிப்பையும் வனத்தையும் சேர்த்தது. களப்பணியாளர்கள் கையடக்கக் கணினியோடு வீடுவீடாகச் சென்றார்கள். குடும்பத்தில் யார் மீன் பிடிக்கிறார், பிடித்ததில் எவ்வளவு வீட்டுக்கு என்பன போன்ற கேள்விகளுக்கு அதன்மூலம் இடம் பிறந்தது.