இறங்கலாம் என்ற சொல்

1974 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. இண்டியானாபொலிஸில் கிளம்பி, கொலம்பஸ் வழியாக வாஷிங்டனுக்கு வந்துகொண்டிருந்தது டி.டபிள்யூ.ஏ. 514 என்ற போயிங் 727 விமானம். உள்ளே 92 பேர். வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் பக்கக்காற்று பலமாக அடித்ததால், பக்கத்தில் வர்ஜீனியாவில் இருக்கும் டல்லஸ் விமான நிலையத்துக்கு அதைத் திருப்பிவிட்டார்கள்.

காலை 11:04க்கு டல்லஸ் கட்டுப்பாட்டாளர், 12ஆம் ஓடுபாதைக்கான அப்ரோச்சுக்கு அனுமதி கொடுத்தார். விமானம் அப்போது 44 மைல் தள்ளி, 7000 அடி உயரத்தில் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து மவுன்ட் வெதர் மலையில், சுமார் 1670 அடி உயரத்தில் மோதியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இத்தனைக்கும் விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை. பேச்சும் தெளிவாகவே கேட்டது. கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி சொன்னபடியே வாங்கிக்கொண்டார். ஒரே சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு பொருள் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மேகத்துக்குள் கண்ணால் பார்த்து இறங்க முடியாதபோது விமானி கருவிகளையும் ஒரு வரைபடத் தாளையும் நம்பித்தான் இறங்குகிறார். அந்தத் தாளை மாடிப்படி மாதிரி நினைத்துக்கொள்ளலாம். இந்த இடம் வரைக்கும் இவ்வளவு உயரத்துக்குக் கீழே போகாதே, அதைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொள் என்று படிப்படியாக அதில் போட்டிருக்கும். டல்லஸ் தாளில் ரவுண்ட் ஹில் என்ற புள்ளியைத் தாண்டிய பிறகுதான் 1800 அடி. அதற்கு முன்னால் மலை இருக்கிறது. ஆனால் தாளின் கீழ்ப்பகுதியில் இருந்த பக்கவாட்டுப் படம் ரவுண்ட் ஹில்லில்தான் தொடங்கியது. அதை மட்டும் பார்ப்பவர் கண்ணில் 1800தான் படும்.

கேப்டன் தாளின் மேல்பகுதியையும் பார்த்தார் என்பதுதான் கொடுமை. விமானி அறை ஒலிப்பதிவில் அது இருக்கிறது. ரவுண்ட் ஹில் வரைக்கும் 3400தான் குறைந்தபட்ச உயரம்னு இந்த முட்டாள் தாள் சொல்லுதே என்கிற பொருளில் அவர் பேசுகிறார். எங்கே பார்த்தீர்கள் என்று கூட இருந்தவர் கேட்கிறார். கொஞ்சம் பேச்சு. கடைசியில், அவர் அனுமதி குடுத்துட்டார்னா நாம ஆரம்ப உயரத்துக்கு இறங்கிக்கலாம்னு அர்த்தம் என்று கேப்டனே முடித்துவிடுகிறார். சரியான எண் கண்ணில் பட்டது, வாயிலும் வந்தது. அதற்கப்புறம் அடிபட்டுப்போனது.

ஏன்? ரேடாரில் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர், குறுக்கே மலை இருக்கும்போது அனுமதி கொடுப்பாரா என்ற நம்பிக்கை. கட்டுப்பாட்டாளரின் கணக்கோ வேறு. இந்த விமானத்துக்கு நான் உயரக் கட்டுப்பாடு சொல்லவேண்டிய வகையில் இது வரவில்லை, விமானியிடம் தாள் இருக்கிறது, எப்போது இறங்குவது என்று அவருக்குத் தெரியும். ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர் விட்டுவிட்ட அந்த இடைவெளியில் மலை நின்றது. கடைசியில் கட்டுப்பாட்டாளர் கூப்பிட்டு, என்ன உயரத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் வரவில்லை.

காது ஏமாற்றிய விபத்துகளும் உண்டு. 1989 பிப்ரவரி 19 அன்று, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு வந்த ஃப்ளையிங் டைகர் 66 என்ற சரக்கு விமானத்திடம் 2400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். எண்ணை 'டூ ஃபோர் ஜீரோ ஜீரோ' என்று ஒவ்வொன்றாகச் சொன்னதில் முதல் 'டூ' வெறும் இடைச்சொல்லாகிப்போனது. ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ என்று பதில் வந்தது. யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நால்வர் இறந்தார்கள். இந்த மாதிரிப் பிழைக்கு மருந்து கொஞ்சம் சுலபம்: எண்ணை முழுதாகச் சொல்லு, திருப்பிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளு. 514 விஷயத்தில் எத்தனை முறை திருப்பிச் சொல்லியிருந்தாலும் தப்பு வெளியே தெரிந்திருக்காது.

விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே இதில் ஒருமனப்படவில்லை. ஐவரில் மூவர், விமானிகள் முன்கூட்டியே இறங்கியதுதான் காரணம், ஆனால் கட்டுப்பாட்டு விதிகளின் குழப்பம்தான் அவர்களை அப்படி இறங்கவைத்தது என்றார்கள். கட்டுப்பாட்டாளர் உயரத்தைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது மற்ற இருவரின் கட்சி. யார் பக்கம் நியாயம் என்பதைவிட எனக்கு உறுத்துவது அறிக்கையின் வேறொரு வரி. இந்தச் சொற்குழப்பம் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்தே இருந்தது என்கிறது அது.

தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு யுனைடெட் விமானம் அதே இடத்தில், அதே அப்ரோச்சில், அதே மாதிரி தாழ இறங்கி மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட்டில் அப்போதுதான் பயமில்லாமல் தவறைச் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு தொடங்கியிருந்தார்கள். அந்த விமானிகள் சொன்னார்கள். கம்பெனியும் தன் விமானிகள் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பியது. டி.டபிள்யூ.ஏ. விமானிகளுக்கு அது போய்ச்சேர வழி இல்லை. ஒரே வானத்தில் பறந்தாலும் கம்பெனி வேறு, கோப்பு வேறு.

விபத்துக்குப் பிறகு விதி மாறியது. ரேடார் வழிகாட்டலிலோ வெளியிடப்படாத பாதையிலோ வரும் விமானம், அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்தாலும், தாளில் உள்ள ஒரு பகுதியை எட்டும்வரை கடைசியாகச் சொல்லப்பட்ட உயரத்திலேயே இருக்க வேண்டும். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியைப் பெரிய ஜெட் விமானங்களில் பொருத்தவேண்டும் என்ற உத்தரவும் அந்த டிசம்பரிலேயே வந்தது. சுபாங்கில் அந்தக் கருவி கத்தத்தான் செய்தது. விமானிகள் அதைச் சட்டை செய்யவில்லை.

யுனைடெட்டின் ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் விரிக்கும் யோசனையும் வந்தது. 1975இல் எஃப்.ஏ.ஏ. தானே அதைத் தொடங்கியது. விமானிகள் தயங்கினார்கள். தண்டிக்கிற அதிகாரியிடமே போய், ஐயா நான் தப்பு பண்ணிட்டேன்னு யார் சொல்வார்? அதனால் 1976இல் பொறுப்பு நாசாவிடம் போனது. லைசென்சைப் பறிக்கிற அதிகாரம் நாசாவுக்குக் கிடையாது. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் எழுதி அனுப்பும் படிவத்தில் பெயரும் முகவரியும் ஒரு துண்டில் தனியாக இருக்கும். படித்து, கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு, அந்தத் துண்டைக் கிழித்து, தேதி முத்திரை குத்தி, எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.