மேல்காற்றும் முதல் அடியும்

ஆடி மாதத்தில் ஓசூர் வட்டாரத்து மேல்காற்றை அறியாதவர் இல்லை. பாகலூரைச் சுற்றியுள்ள ரோஜாத் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்கள் இரவெல்லாம் படபடக்கும்; பள்ளிக் கொடிக்கம்பத்தின் கயிறு ஓயாமல் கம்பத்தில் மோதிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் மாணவர் சிலர் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தது முதல், அந்தக் காற்றைப் பற்றி என்னிடம் முறையிடாத நாள் குறைவு. “ஐயா, பந்தை மேலே எறிந்தால் எறிந்த இடத்தில் நிற்பதில்லை, சர்வீஸ் எப்படிப் போடுவது?” என்பார்கள். நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆதலால் அக்கேள்விக்கு வரலாற்றின் வழியே விடை தேடுவதுதான் எனக்கு இயல்பாக இருக்கிறது.

சர்வீஸ் என்னும் சொல்லுக்குப் பணிவிடை என்பது பொருள். ஐரோப்பிய அரண்மனைகளில் ஆடப்பெற்ற பழைய டென்னிஸில் பந்தை ஆட்டத்தில் இடுவது ஏவலாளின் வேலையாக இருந்தது என்றும், அதனாலேயே அப்பெயர் ஏற்பட்டது என்றும் சொல்வதுண்டு. பெயர்க்காரணம் எவ்வாறாயினும், புல்தரை டென்னிஸின் தொடக்கத்திலும் அது பணிவான ஓர் அடியாகவே இருந்தது. மேஜர் விங்ஃபீல்டு என்பவர் 1874-ல் தம் ஆட்டத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மூன்றாண்டுகள் கழித்து, 1877-ல், விம்பிள்டனில் முதல் போட்டி நடந்தபோது 22 பேர் பெயர் கொடுத்தனர். ஸ்பென்சர் கோர் வென்றார். அன்று பெரும்பாலோர் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தாமலே சர்வீஸ் போட்டனர். வலையோ நடுவில் மூன்றேகால் அடி, கம்பங்களருகே ஐந்தடி உயரம்.

இத்தனை இருந்தும், அவ்வாண்டின் ஆட்டங்களை எண்ணிப் பார்த்தபோது சர்வீஸ் போட்டவர் 376 கேம்களையும், எதிர்த்து ஆடியவர் 225 கேம்களையும் வென்றிருந்தது தெரிய வந்தது. நூற்றுக்கு 62-க்கும் மேல்! பணியாள் எஜமானனாகிவிட்டான் என்று உணர்ந்தவர்கள் போல, விதி வகுத்தோர் வலையிலிருந்து 26 அடியில் இருந்த சர்வீஸ் கோட்டை 1880-க்குள் 21 அடிக்குக் கொண்டு வந்தனர். இன்றும் அது 21 அடியே.

மறு ஆண்டு, 1878-ல், இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. இலங்கையில் தோட்டத்துரையாக இருந்து, விடுமுறையில் தாயகம் சென்ற ஃபிராங்க் ஹாடோ என்பவர் கோரின் தலைக்கு மேலே பந்தை உயர்த்தி அனுப்பியே பட்டத்தைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு அதைக் காத்துக்கொள்ள வரவுமில்லை. மற்றொன்று நம் பொருளுக்கு நெருங்கியது: மயர்ஸ் என்ற ஆட்டக்காரர் தலைக்கு மேலே மட்டையை ஓங்கிச் சர்வீஸ் போடும் முறையை அவ்வாண்டு விம்பிள்டனுக்குக் கொணர்ந்தார். பந்தை மேலே எறிந்து அடிக்கத் தொடங்கிய அன்றே, காற்றும் அந்த ஆட்டத்தில் மூன்றாவது ஆளாக இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

காற்றின் வலிமையை அக்காலத்தவர் அறியாதவர்கள் அல்லர். ஒவ்வொரு செட்டும் முடிந்த பிறகே பக்கம் மாறுவது முற்கால வழக்கம். ஆனால் வெயிலாலோ காற்றாலோ ஒரு பக்கத்தாருக்கு வெளிப்படையான சாதகம் இருப்பதாக நடுவர் கருதினால், முதல் கேமுக்குப் பிறகும், மூன்றாவதற்குப் பிறகும், அவ்வாறே ஒன்றுவிட்டு ஒன்றாகவும் பக்கம் மாறும்படி ஆணையிடலாம் என்று 1880-களின் விதிகளிலேயே காண்கிறோம். அன்று விலக்காக இருந்தது பின்னர் பொது விதியாயிற்று. ஆடுவோர் ஒற்றைப்படைக் கேம் முடிந்ததும் பக்கம் மாறுவதை இன்று தொலைக்காட்சியில் காணும் மாணவர்கள், இது காற்றையும் வெயிலையும் பங்கிட்டுக் கொள்ளும் நியாயம் என்பதை நினைவில் கொள்க.

அறிவியலாரும் இப்பந்தை வெகு காலமாகக் கவனித்து வந்தனர். சாய்ந்த மட்டையால் அடிபட்ட டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைத் தாம் பலமுறை கண்டதுண்டு என்று, ஒளியைப் பற்றி 1672-ல் எழுதிய கடிதம் ஒன்றில் நியூட்டன் குறித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராலே பிரபு, டென்னிஸ் பந்தின் ஒழுங்கற்ற பறத்தலைப் பற்றி ஒரு கட்டுரையே வெளியிட்டார். ஆண்டு 1877, முதல் விம்பிள்டன் நடந்த அதே ஆண்டு. முன்னோக்கிச் சுழலும் பந்தின் மேற்புறம் காற்றை எதிர்த்துச் செல்கிறது. மேலே அழுத்தம் மிகுந்து, பந்து கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. ஆகவே சுழற்சியுடைய பந்தை வலைக்கு மேலே தாராளமாக உயர்த்தி அனுப்பினாலும் அது கட்டத்துக்குள் வந்து விழும். டேவிஸ் கோப்பைப் போட்டி 1900-ல் பாஸ்டன் நகரில் முதன்முறையாக நடந்தபோது, டுவைட் டேவிஸும் ஹோல்கம்ப் வார்டும் போட்ட முறுக்குச் சர்வீஸ் தரையில் பட்டுத் திசை மாறி எகிறியதைக் கண்டு பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் திகைத்துப் போயினர்.

வேகத்தை நம்பியவர்களும் உண்டு. அமெரிக்கரான ஜான் இஸ்னர் 2016-ல் மணிக்கு 253 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வீஸ் போட்டார். மாணவர்களின் நாவில் எப்போதும் இருப்பது இத்தகைய எண்கள்தாம். ஆனால் நம் தமிழ்நாட்டின் டென்னிஸ் வரலாறு வேறொரு கதையைச் சொல்கிறது. அதைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன்.

இராமநாதன் கிருஷ்ணன் 1937-ல் நாகர்கோவிலில் பிறந்தவர். தந்தை டி. கே. இராமநாதனே அவருக்கு ஆசான். 1954-ல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவரே. அவருடைய சர்வீஸ் மென்மையானது. அதைக் கண்டு அஞ்சியவர் எவரும் இலர். ஆயினும், 1959-ல் பாஸ்டனில் நடந்த டேவிஸ் கோப்பைப் போட்டியில் ராட் லேவரை வென்றார். 1961 விம்பிள்டன் கால் இறுதியில் ராய் எமர்சனை 6–1, 6–4, 6–4 என்று மூன்றே செட்டுகளில் வீழ்த்தினார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரை இறுதி வரை சென்றார். எவ்வாறு? பந்தை எங்கே இடவேண்டும் என்ற அறிவு அவரிடம் இருந்தது. சர்வீஸை அவர் வெற்றிக்கான அடியாகக் கருதாமல், அடுத்த அடிக்கான தோற்றுவாயாகவே ஆண்டார். எதிரியின் பந்து வரும் இடத்தை முன்னரே உணர்ந்து, மட்டையின் நயத்தால் விடை சொன்னார்.

இதில் ஒரு குறையே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன். 1960-ல் நீல் பிரேசரிடமும் 1961-ல் லேவரிடமும் அரை இறுதியில் தோற்றபோது, அவ்விரு இடக்கையாளர்களும் தம் சர்வீஸால் எளிதில் பெற்ற புள்ளிகள் கிருஷ்ணனுக்குக் கிட்டவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் அவர் உழைத்தே ஈட்ட வேண்டியிருந்தது. மென்மையான சர்வீஸ் ஒருவரை எத்தனை தூரம் கொண்டு செல்லும், எங்கே கைவிடும் என்ற இரண்டுக்கும் அவர் வாழ்வே சான்று. உழைத்து ஈட்டுவதில் அவருக்கு இருந்த உறுதிக்கு 1966-ஆம் ஆண்டுக் கல்கத்தா சாட்சி. பிரேசில் நாட்டுத் தாமஸ் காக் என்பவரிடம் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்தங்கி, நான்காவது செட்டிலும் 2–5 என்று தாழ்ந்திருந்த கிருஷ்ணன், அதை 7–5 என்றும் ஐந்தாவதை 6–2 என்றும் வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குச் சென்றது.

மகன் இரமேஷும் தந்தையின் வழியே. அவருடைய சர்வீஸும் மெதுவானதுதான். 1987-ல் சிட்னி நகரின் புல்தரையில், தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை நேர் செட்டுகளில் வென்று இந்தியாவை மீண்டும் இறுதிக்கு அழைத்துச் சென்றார். அன்று இளம் ஆசிரியனாக இருந்த எனக்கு, மறுநாள் வகுப்பில் வேறு பாடம் நடத்த மனம் வரவில்லை.

இனிக் காற்றுக்கு வருவோம். நியூயார்க்கில் 2012-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் அரை இறுதியில் ஆண்டி மரேயும் தாமஸ் பெர்டிக்கும் பலத்த சுழற்காற்றில் ஆடினர். மரேயின் தொப்பி ஆட்டத்தின் நடுவே கழன்று விழுந்தது. பெர்டிக் நெடிய உருவினர். பந்தை மிக உயர எறிந்து ஓங்கி அடிப்பவர். அன்று அந்த உயரமே அவருக்குப் பகையாயிற்று. எறிந்த பந்து அலைந்தது. பலமுறை அதைக் கையில் பிடித்து மீண்டும் எறிய நேர்ந்தது. முதல் செட்டை 5–7 என்று இழந்த மரே, அடுத்தவற்றை 6–2, 6–1, 7–6 என்று வென்றார். பின்பு இறுதியிலும் காற்றினூடே ஜோகோவிச்சை வென்று, 1936-க்குப் பிறகு பெரும்பட்டம் பெற்ற முதல் பிரிட்டிஷ் ஆடவரானார்.

உயர எறிவதில் உள்ள இடரைக் கணக்காலும் காட்டலாம். டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 57 கிராம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுமானால், கையை விட்ட பந்து ஒரு விநாடி நேரத்தில் ஏறக்குறைய ஒரு சாண் விலகிவிடும். அரை விநாடியே மேலே நின்றால் விலகல் மூன்று விரல் அகலம்தான். நேரம் பாதியானால் விலகல் காலாகிறது. ஆகவே காற்று நாளில் பந்தைத் தாழ எறிவதே முதல் பாடம். எங்கள் மாணவர்கள் மட்டையை நீட்டி எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே எறியப் பழகினார்கள். மட்டையை அதிகம் பின்னே இழுக்காமல், அடியையும் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்க்காற்றும் பின்காற்றும் வெவ்வேறு குணமுடையவை. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்தை அதே 18 கிலோமீட்டர் எதிர்க்காற்று மறித்தால், பந்தின் மேலுள்ள தடை மூன்றில் ஒரு பங்குக்குமேல் கூடுகிறது. பந்து குறுகி விழும். வலைக்கு மேலே இன்னும் உயர்த்தி, தயங்காமல் அடிக்கலாம். பின்காற்றில் தடை குறைந்து பந்து கோட்டைத் தாண்டி ஓடும். சுழற்சியும் முன்போல் பற்றாது. அப்போது வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டுவதே நன்று. பலரும் பின்காற்றை நண்பனென்று நம்பி ஏமாறுகிறார்கள். எங்கள் மைதானம் வடக்கு தெற்காக அமைந்தது. மேல்காற்று குறுக்கே வீசும். குறுக்குக் காற்றில் பந்தைக் காற்று வரும் பக்கமாகச் சிறிது தள்ளி எறிய வேண்டும். கோட்டின் ஓரத்தைக் குறிவைக்காமல் கட்டத்தின் நடுவை நோக்க வேண்டும். பாகலூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருப்பதால், இங்குக் காற்றின் அடர்த்தி சென்னையைவிட 8 சதவீத அளவு குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்க. சென்னையில் உள்ளே விழும் பந்து இங்குச் சற்று நீளும்.

பயிற்சிக்குப் பெரிய வசதி எதுவும் தேவையில்லை. சர்வீஸ் போட நிற்கும் இடத்தில் தரையில் ஒரு வட்டம் வரைந்து, பந்தை எறிந்து அடிக்காமல் விட்டுவிடுங்கள். அது வட்டத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள். இருபது முறைக்குப் பதினைந்து முறையாவது விழும் வரை மட்டையைத் தொட வேண்டாம் என்பது எங்கள் மைதானத்து விதி. அதன் பிறகு எதிர்க்கட்டத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து, இரண்டாம் சர்வீஸை முதலில் பழகுங்கள். பலர் முதல் சர்வீஸையே ஓங்கி ஓங்கிப் பழகி, இரண்டாவதைக் கடவுளிடம் விட்டுவிடுகின்றனர்.

எறிந்த பந்தைக் காற்று இழுத்துச் சென்றால் அதை எட்டிப் பிடித்து அடிக்க வேண்டுமோ என்று சென்ற ஆடியில் ஒரு மாணவி கேட்டாள். வேண்டியதில்லை. மட்டையை வீச முயலாதவரை, பந்தைக் கையில் பிடித்துக்கொள்ளலாம். கீழே விழவும் விடலாம். விதி அதைத் தவறாகக் கொள்வதில்லை. வீசிவிட்டுப் பந்தைத் தவறவிட்டால் மட்டும் ஒரு சர்வீஸ் போயிற்று. இதை அறிந்த பின் அம்மாணவி அன்று மாலை ஒரே கேமில் ஆறு முறை பந்தைப் பிடித்துப் பிடித்து மீண்டும் எறிந்தாள். எதிரே நின்றவள் பொறுமையிழந்து இரண்டு பந்துகளை வலையில் அடித்தாள்.