பசுமை வினையூக்கம்: கழிவைத் தொடக்கத்திலேயே தடுக்கும் விஞ்ஞானிகளுக்கான பயிற்சி

புதுதில்லி: தொழிற்சாலைக் கழிவைச் சுத்திகரிப்பதைவிட, அது உருவாகாமல் தடுப்பதே மேல் என்பது பசுமை வேதியியலின் முதல் கோட்பாடு. பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட 12 கோட்பாடுகளில் ஒன்பதாவது, வினையூக்கிகளைப் பயன்படுத்துவதாகும்.

வேதிவினையை விரைவுபடுத்தினாலும் தான் செலவாகாமல் மீளும் பொருளே வினையூக்கி. எனவே, சிறிதளவு வினையூக்கியைக் கொண்டு பெருமளவு பொருளைத் தயாரிக்க இயலும்.

மருந்துத் துறையின் சவால்

ஒரு கிலோ பொருளைத் தயாரிக்கும்போது எத்தனை கிலோ கழிவு உருவாகிறது என்ற அளவீட்டை ரோஜர் ஷெல்டன் 1992-இல் முன்வைத்தார். பெருமளவில் தயாராகும் அடிப்படை ரசாயனங்களில் இது 5 கிலோவுக்குள் அடங்கும். மருந்துகளிலோ 25 கிலோ முதல் 100 கிலோவுக்கு மேலும் செல்லும். உலகுக்கு மலிவு விலை மருந்துகளை வழங்கும் இந்தியாவுக்கு இது முக்கியப் பிரச்சினையாகும்.

வலி நிவாரணியான இபுப்ரோஃபென் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆறு படிநிலைகளைக் கொண்ட பழைய முறையில், மூலப்பொருள் அணுக்களில் சுமார் 40 சதவீதமே மருந்தில் சேர்ந்தன. 1990-களில் நடைமுறைக்கு வந்த மூன்று படிநிலை வினையூக்க முறையில் இது 77 சதவீதமாக உயர்ந்தது. எனினும், அதில் பயன்படும் ஹைட்ரஜன் புளோரைடு கடும் நச்சுத்தன்மை உடையது. கழிவைக் குறைப்பதுடன் பாதுகாப்பையும் எடைபோடும் திறன் விஞ்ஞானிக்குத் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

பயிற்சி மையங்கள்

தில்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் செயல்படும் பசுமை வேதியியல் வலையமைப்பு மையம், ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இத்துறையை அறிமுகப்படுத்துகிறது. சென்னை ஐஐடி-யில், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் 2006-இல் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான வினையூக்க அறிமுகப் பயிற்சியையும் இம்மையம் நடத்தி வருகிறது.

ஆய்வகத்திலிருந்து ஆலைக்கு

ஆய்வகத்தில் சில மணி நேரம் சிறப்பாகச் செயல்படும் வினையூக்கி, ஆலையில் கந்தகம் போன்ற மாசுகளாலும் வெப்பத்தாலும் செயலிழக்கக்கூடும். அதன் ஆயுள், விலை, மறுபயன்பாடு ஆகியவற்றை முன்கூட்டியே கணிக்க, வேதியியலுடன் பொறியியல் அறிவும் அவசியம்.

இந்தப் பாதையை இந்தியா முன்பே கடந்துள்ளது. புனே தேசிய வேதியியல் ஆய்வகம் உருவாக்கிய ஜியோலைட் வினையூக்கி, 1980-களில் சைலீன் உற்பத்தியில் ஆலை அளவில் பயன்பாட்டுக்கு வந்தது. அங்கு ஜியோலைட் ஆய்வில் முக்கியப் பங்காற்றிய, சென்னையில் பயின்ற பால் ரத்தினசாமி, பின்னர் அதன் இயக்குநராகவும் பணியாற்றினார்.

ஆய்வகத்தையும் ஆலையையும் ஒருங்கே அறிந்த விஞ்ஞானிகள் பெருகினால்தான், பசுமைக் கோட்பாடுகள் உற்பத்திக் கூடத்தை எட்டும்.